‘யோசேப்பு’ என்னும் பெயர்: சொற்பிறப்பும் தமிழ் வழக்கும்

முன்னுரை

மொழியிலுள்ள சொற்களுள் நெடுந்தொலைவு பயணம் செய்வன மக்கட் பெயர்களே ஆகும். வணிகரோடு கப்பலேறியும், சமயச் சான்றோரோடு நாடு கடந்தும், புதிய மண்ணின் நாவுக்கேற்பத் தம் ஓசையை மாற்றிக்கொண்டு அவை நிலைத்துவிடுகின்றன. நிலைத்தபின் அவற்றின் பொருள் யாது என வினவுவோர் அரியர்.

யூசுபு, சூசை, யோசேப்பு, ஜோசப், வளன் என்னும் பெயர்கள் தென்மாவட்டங்களில் நாம் நாளும் கேட்பவை. திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அமைந்துள்ள மேற்குமலை அடிவாரப் பகுதியும் இதற்கு விலக்கன்று. ஒரே தெருவில் யூசுபும் சூசையும் அண்டை வீட்டாராக வாழ்தல் கூடும். தாம் இருவரும் ஒரு பெயரினர் என்பதை அவர்கள் அறியாமலே இருத்தலும் கூடும். மேற்கூறிய ஐந்தும் ஓர் எபிரேயப் பெயரின் ஐந்து வடிவங்களே ஆகும். அப்பெயரின் தோற்றத்தையும் பொருளையும், தமிழ் அதனை ஏற்றுக்கொண்ட முறைகளையும், அவற்றால் நாம் பெறும் படிப்பினையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எபிரேய மூலம்

விவிலியத்தின் முதல் நூலாகிய தொடக்கநூல், இப்பெயர் பிறந்த வரலாற்றை முப்பதாம் அதிகாரத்தில் கூறுகிறது. யாக்கோபின் மனைவியருள் ஒருவராகிய இராகேல் நெடுங்காலம் மகப்பேறின்றி வருந்தினார். தமக்கையாகிய லேயாளோ மக்கள் பலரைப் பெற்றிருந்தார். மலடி என்னும் பழிச்சொல் இராகேலின் நெஞ்சைச் சுட்டது. இறுதியில் இறைவன் அவரை நினைவுகூர, ஓர் ஆண்மகவு பிறந்தது. அது யாக்கோபின் பதினோராம் மகன்; இராகேலுக்கோ தலைமகன். அக்குழந்தைக்கு அவர் இட்ட பெயரே ‘யோசேஃப்’ என்பதாகும்.

அப்பெயருக்கு இரண்டு விளக்கங்கள் அவ்விடத்திலேயே தரப்பெற்றுள்ளன. இறைவன் என் பழியை நீக்கினான் என்பது முதலாவது. இங்கே ‘அசஃப்’ என்னும் வினை வருகிறது. அதற்குத் திரட்டுதல், அகற்றுதல் என்பன பொருள்களாகும். ஆண்டவன் எனக்கு இன்னொரு மகனைச் சேர்த்துத் தருவானாக என்பது இரண்டாவது. இங்கே வருவது ‘யசஃப்’ என்னும் வேறொரு வினை. அதற்குக் கூட்டுதல், மிகுவித்தல் என்பன பொருள்களாகும். முதல் விளக்கம் ஓசையொப்புமை பற்றியது. இரண்டாம் விளக்கமே இலக்கண வடிவத்தோடு பொருந்துவது. ஒன்று கடந்துபோன துயரை நோக்குகிறது. மற்றொன்று வரவிருக்கும் பேற்றை நோக்குகிறது. ஒரு தாயின் ஆறுதலும் ஆசையும் ஒரே பெயரில் அடங்கியுள்ளமை எண்ணி மகிழத்தக்கது.

அவ்வாசை நிறைவேறிய விதமோ நெஞ்சை உருக்குவது. எப்பிராத்தா நகர்க்குச் செல்லும் வழியில் இராகேல் இரண்டாம் மகனைப் பெற்று, அப்பேற்றிலேயே உயிர் நீத்தார். உயிர் பிரியும் வேளையில், துயரத்தின் மகன் எனப் பொருள்படும் ‘பெனோனி’ என்னும் பெயரை அவர் அக்குழந்தைக்கு இட்டார். தந்தையோ வலக்கையின் மகன் எனப் பொருள்படும் ‘பென்யமின்’ என்னும் பெயரால் அதனை மாற்றினார். தாயின் இறப்பைக் காலமெல்லாம் சுமந்து நடக்குமாறு தம் மகனுக்குப் பெயர் அமையலாகாது என்னும் தந்தையின் பரிவை இங்கே உணரலாம். பெயர் சூட்டுதல் எத்துணைப் பொறுப்பு வாய்ந்த செயல் என்பதற்கு இது ஒரு தொன்மையான சான்றாகும்.

வினையே பெயராதல்

‘யோசேஃப்’ என்பது இலக்கண நோக்கில் ஒரு பெயர்ச்சொல் அன்று. வினைமுற்றே பெயராகி நின்றது. எபிரேயத்தில் ‘யோசீஃப்’ என நெடிலாக ஒலித்தால், அவன் சேர்ப்பான் என்னும் எதிர்காலப் பொருளைத் தரும். ‘யோசேஃப்’ என ஒலித்தால், அவன் சேர்ப்பானாக என்னும் வேண்டுகோட் பொருளைத் தரும். தமிழ் இலக்கணத்தார் வியங்கோள் என வழங்கும் வினைவடிவத்திற்கு இஃது ஒப்பாகும். இப்பெயரில் எழுவாயாகிய இறைவன் பெயர் தொக்கு நிற்கிறது. விவிலியத்தின் எஸ்ரா நூலில் வரும் ‘யோசிபியா’ என்னும் பெயரில் இறைப்பெயரின் கூறு வெளிப்படையாக ஒட்டி நிற்றல் இக்கருத்தை வலியுறுத்தும்.

வினையைப் பெயராக இடும் இவ்வழக்கு தமிழர்க்குப் புதியதன்று. திருவில்லிபுத்தூரில் பிறந்தோர்க்கு அதனை எடுத்துக்காட்ட நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ‘ஆண்டாள்’ என்னும் பெயர் வினையாலணையும் பெயரே அன்றோ? ஆளுதல் என்னும் வினை, இறந்தகாலமும் பெண்பாலும் காட்டி, ஒரு பெண்ணின் திருப்பெயராயிற்று. ‘சூடிக்கொடுத்தாள்’ என்பதும் அத்தகையதே. எபிரேயத்தில் ‘நாத்தான்’ என்னும் பெயருக்குக் கொடுத்தான் என்பது பொருள். ஒன்றோடொன்று உறவில்லாத இருவேறு மொழிக்குடும்பங்களில், கொடுத்தல் என்னும் வினையே ஓரிடத்து ஆண்மகனுக்கும் ஓரிடத்துப் பெண்மகளுக்கும் பெயராக அமைந்துள்ளது. கோதை என்னும் இயற்பெயரினும், செயலால் வந்த ஆண்டாள் என்னும் பெயரே மக்கள் நாவில் பெரிதும் நிலைத்தமையும் ஈண்டுக் கருதத்தக்கது.

அரபு மொழியில் யூசுஃப்

எபிரேயமும் அரபும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சார்ந்தவை. அரபில் பகர ஒலி இல்லை, ஃபகரமே உண்டு. ஆதலின் இப்பெயர் அரபில் ‘யூசுஃப்’ என நின்றது. திருக்குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயம் இப்பெயராலேயே வழங்குகிறது. 111 வசனங்களைக் கொண்ட அவ்வத்தியாயம், யூசுஃப் (அலை) அவர்களின் வாழ்க்கையை ஒரே தொடர்ச்சியாக எடுத்துரைக்கிறது. அவ்வரலாற்றை அழகிய வரலாறு எனத் திருமறையே சிறப்பிக்கிறது. யூசுஃப் என்னும் பெயர் திருமறையில் 27 இடங்களில் இடம்பெறுகிறது.

அரபு இலக்கணத்தார் இப்பெயரை நுணுகி ஆராய்ந்துள்ளனர். இயற்பெயராகவும் பிறமொழிச் சொல்லாகவும் ஒருங்கே அமைந்தவை, சொல்லிறுதியில் முழுமையான வேற்றுமை மாற்றம் பெறா என்பது அவர்தம் விதி. யூசுஃப் என்பதை அவர்கள் இவ்விதியின்கீழ் அடக்கினர். தம் திருமறையில் பயிலும் பெயரேயாயினும், அது பிறமொழியினின்று வந்தது என்பதை மறையாது இலக்கணம் வகுத்த அவர்தம் நேர்மை போற்றற்குரியது.

மகனைப் பிரிந்த யாகூப் (அலை) அவர்கள் வருந்தும் இடத்தில், துயரம் எனப் பொருள்படும் ‘அசஃப்’ என்னும் அரபுச்சொல் யூசுஃப் என்னும் பெயரோடு அடுத்து வருகிறது. இவ்வோசை நயத்தை விரிவுரையாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். இஃது ஓசைநயமேயன்றிச் சொற்பிறப்பு அன்று. எனினும் எபிரேய மூலத்தில் பழி நீங்கிய மகிழ்ச்சியோடு இயைந்து ஒலித்த பெயர், இங்கே பிரிவின் துயரோடு இயைந்து ஒலிக்கக் காண்கிறோம். பெயரிட்ட தாயின் மகிழ்ச்சியும் பிரிந்த தந்தையின் துயரும் ஒரே பெயரின் இருபுறமும் நின்று ஒலிக்கின்றன.

மற்றொரு செய்தியும் நினைவிற்கொள்ளத்தக்கது. மதீனா நகரில் யூத மார்க்க அறிஞராக விளங்கி இசுலாத்தைத் தழுவியவர் அப்துல்லாஹ் இப்னு சலாம் (ரலி). அவருடைய மகனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மடியில் அமர்த்தி, தலையை வருடி, யூசுஃப் எனப் பெயரிட்டதை அம்மகனே பிற்காலத்தில் அறிவித்துள்ளார். எபிரேய மரபில் பிறந்த குடும்பத்துக் குழந்தைக்கு அம்மரபின் தொன்மைப் பெயரையே அண்ணலார் தேர்ந்தளித்தமை, இப்பெயரின் பயணத்தில் ஓர் ஒளிமிக்க நிகழ்ச்சியாகும்.

செப்பேட்டில் ஒரு வடிவம்

தென்னிந்திய மண்ணில் இப்பெயர் எழுத்துவடிவில் காணப்படும் தொன்மையான இடங்களுள் ஒன்று, கொச்சி யூதர்கள் போற்றிக் காத்த செப்பேடாகும். சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், கி.பி. 1000 அளவில், யூத வணிகர் தலைவர் ஒருவருக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் வழங்கினான். வட்டெழுத்தில் பொறிக்கப்பெற்ற அச்செப்பேட்டில் அத்தலைவரின் பெயர் ‘இஸ்ஸுப்பு இரப்பான்’ எனக் காணப்படுகிறது. எபிரேய யோசேஃப் நம் நாட்டார் நாவில் இஸ்ஸுப்பு ஆகியுள்ளமை காண்க. மெய்யொலியில் முடிந்த சொல், நம் மொழிமரபிற்கேற்ப இறுதியில் உகரம் பெற்றுள்ளது. மேலும், எபிரேயரும் அரபியரும் ஃபகரமாக ஒலித்த இறுதி எழுத்து இங்கே வல்லின பகரமாகிவிட்டது.

சூசையும் யோசேப்பும்

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறையில் கால்கொண்டனர். அவர்தம் மொழியில் இப்பெயர் ‘ஜொசே’ என வழங்கியது. இறுதி மெய் கெட்டு, உயிரொலியில் முடியும் இவ்வடிவமே தமிழில் ‘சூசை’ ஆயிற்று. கத்தோலிக்க மக்களிடையே சூசையப்பர், சூசைமாணிக்கம், சூசைமரியான் முதலிய பெயர்கள் இதனடியாகத் தோன்றின.

யோசேப்பு என்பதோ நூல்வழி வந்த வடிவம். சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட 1714, 1715ஆம் ஆண்டுகள் தொடங்கி, சீர்திருத்தச் சபையார் விவிலியத்தை மூலமொழிகளினின்று பெயர்த்தனர்; மூல ஓசைக்கு நெருங்கிய வடிவங்களை ஆண்டனர். திருவில்லிபுத்தூர் வட்டாரம் முற்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதியாக விளங்கியது. 1910இல் இராமநாதபுர மாவட்டத்தோடும், 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்தோடும் அது சேர்ந்தது. சிவகாசியில் தங்கி, 1858இல் அங்கேயே மறைந்த இராக்லாந்து ஐயர் முதலியோர் இவ்வட திருநெல்வேலிப் பகுதியில் சமயப்பணி ஆற்றினர். கத்தோலிக்க மறைப்பணியும் சீர்திருத்தச் சபைப்பணியும் ஒருங்கே நிகழ்ந்தமையால் சூசை, யோசேப்பு ஆகிய இருவடிவங்களும் இப்பகுதியில் வழக்குப் பெற்றன. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு யோசேப்பு என்னும் வடிவத்தையே மேற்கொண்டது. ஜோசப் என்பது ஆங்கிலக் கல்வியோடு வந்த பிற்கால வடிவம்.

இவ்வடிவங்களைத் தமிழ் எழுத்திலக்கணம் கொண்டு நோக்குதல் மாணாக்கர்க்குப் பயன்தரும். யகர மெய் ஆகாரத்தோடு மட்டுமே சொல்லுக்கு முதலாகும் என்பது தொல்காப்பியர் கொள்கை. அ, ஆ, உ, ஊ, ஓ, ஔ என்னும் ஆறுயிரோடும் முதலாகும் என்பது நன்னூலார் கொள்கை. இதனால் யூசுபு, யோசேப்பு என்னும் இரண்டும் நன்னூல் நெறியால் சொன்முதல் பெறுகின்றன. பகர மெய் தமிழில் சொல்லுக்கு ஈறாகாது. எனவே இரண்டும் குற்றியலுகர ஈறு பெற்றன. யோசேப்பு வன்தொடர்க் குற்றியலுகரம். யூசுபு உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். சூசை என்பதோ சகர முதலும் ஐகார ஈறும் பெற்று, எவ்விதியையும் மீறாமல் முழுத் தமிழ்ச்சொல் போலவே ஒலிக்கிறது. ஓசையளவில் தமிழோடு பெரிதும் இயைந்த வடிவம் அதுவே. ஆயினும் ஓசை இயைந்ததேயன்றி, பொருள் நம்மை வந்தடையவில்லை.

வளன்

பொருளையும் தமிழுக்குக் கொணர்ந்தவர் வீரமாமுனிவர் ஆவார். இத்தாலியில் 1680இல் பிறந்த அவருடைய இயற்பெயர் கான்சுடான்சோ ஜியுசெப்பே பெசுகி என்பது. ஜியுசெப்பே என்பது யோசேப்பு என்பதன் இத்தாலிய வடிவமே. தம் பெயருள் அடங்கிய பெயருக்கே அவர் தமிழ் காண முற்பட்டார் எனல் பொருந்தும். கோவிற்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் அவர் மறைப்பணி ஆற்றியுள்ளார். அவ்வூர் நம் வட்டாரத்திற்குத் தொலைவிலுள்ளது அன்று.

அவர் இயற்றிய தேம்பாவணி மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய யோசேப்பே அதன் தலைவர். அத்தலைவருக்கு முனிவர் ‘வளன்’ எனப் பெயரிட்டார். சேர்த்தல், மிகுவித்தல் என்னும் எபிரேயப் பொருளை வளம் என்னும் தமிழ்ச்சொல்லால் அவர் பெயர்த்தார். இறைவன் அருளினான் எனப் பொருள்படும் யோவான் என்னும் பெயரையும் அம்முறையிலேயே ‘கருணையன்’ என ஆக்கினார்.

வளன் என்னும் சொல்லாட்சியின் நுட்பம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அறம் அறன் எனவும், நலம் நலன் எனவும், வளம் வளன் எனவும் அஃறிணைச் சொற்களின் மகர ஈறு னகரமாதல் தமிழில் கடைப்போலி எனப்படும். ஆகவே வளன் என்பது செல்வம், செழுமை என்னும் பொருளுடைய பழந்தமிழ்ச் சொல்லே. அதே வேளையில், னகர ஈற்றால் அஃது ஆண்பாற் பெயர் போலவும் நிற்கிறது. புதிய சொல்லொன்றையும் படைக்காமல், இருந்த சொல்லிலேயே ஒரு மனிதரைக் கண்டார் முனிவர். 1844இல் தொடங்கப்பெற்றுப் பின்னர்த் திருச்சிராப்பள்ளியில் நிலைகொண்ட தூய வளனார் கல்லூரியின் பெயரில் இச்சொல் இன்றும் வாழ்கிறது.

யூசுபும் மலையடிவாரமும்

சமயநூல் வழியாகவும் வணிகத்தின் வழியாகவும் வந்த இப்பெயர், வரலாற்றின் வழியாகவும் இப்பகுதியைத் தொட்டுள்ளது. இராமநாதபுரச் சீமையின் பனையூரில் பிறந்து, மருதநாயகம் எனப்பெற்று, இசுலாத்தைத் தழுவி முகம்மது யூசுபுகான் ஆனவரே மக்கள் வழக்கில் கான்சாகிபு. பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் மதுரை, நெல்லைச் சீமைகளில் பாளையக்காரரோடு அவர் நிகழ்த்திய போர்கள் இம்மலையடிவாரத்தையும் உலுக்கின. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வருவாயை அவர் மீட்டளித்தார் என்பதும் வரலாறு. பின்னர் ஆங்கிலேயரையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்து நின்று, 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பெற்றார். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் உள்ளது. ‘கான்சாகிபு சண்டை’ என்னும் கதைப்பாடல் அவர் நினைவை மக்களிடையே நிறுத்தியது. பிறந்த பெயரினும் தாமே ஏற்ற பெயரால் வரலாற்றில் நின்றவர் அவர்.

பெயரிடுதல் என்னும் பொறுப்பு

இனி, இப்பெயர் வரலாறு நமக்கு உணர்த்துவது யாது என்பதைக் காண்போம். குழந்தை தன் பெயரைத் தானே தேர்ந்துகொள்வதில்லை. பெற்றோரின் மகிழ்ச்சியும் அச்சமும் ஏக்கமும் பெயராகி அதன்மேல் ஏறுகின்றன. பெயரிட்டவர் மறந்த பின்னும் பெயரைச் சுமப்பவர் அதனைச் சுமந்தே ஆகவேண்டும்.

திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார் இதனை நன்கு உணர்ந்தவர். பொன்னும் துணியும் பெறலாம் என்னும் ஆசையால் மக்கட்குப் பிறர் பெயரை இடாமல், இறைவன் திருநாமத்தை இடுமாறு பெற்றோர்க்கு அறிவுறுத்தும் ஒரு திருப்பதிகமே அவருடைய திருமொழியில் உண்டு. மறுமை நாளில் மக்கள் தம் பெயராலும் தந்தையர் பெயராலும் அழைக்கப்படுவர். ஆதலின் அழகிய பெயர்களை இடுக என்னும் கருத்தமைந்த நபிமொழி இசுலாமிய மரபில் வழங்குகிறது. கீழ்ப்படியாதவள் எனப் பொருள்படும் ‘ஆசியா’ என்னும் பெயரைக் கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, அழகியவள் எனப் பொருள்படும் ‘ஜமீலா’ என்னும் பெயரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மாற்றியளித்ததும் நூல்களில் பதிவாகியுள்ளது. யாக்கோபு, பெனோனியைப் பென்யமின் ஆக்கியதை முன்னரே கண்டோம். மூன்று மரபுகளும் இவ்வொரு கருத்தில் ஒன்றுபடுகின்றன.

இவ்வெளிச்சத்தில் நம் ஊர்களை நோக்குவோமாயின், ஒரு வழக்கு நம் நெஞ்சை உறுத்தும். பெண்மக்கள் அடுத்தடுத்துப் பிறந்த வீட்டில், இனிப் பெண் வேண்டா என்னும் கருத்தில் ‘போதும்பொண்ணு’ எனப் பெயரிடும் வழக்கம் தென்மாவட்டச் சிற்றூர்களில் உண்டு. இராகேல் தன் மகனை ‘இன்னும் தருக’ என்னும் பொருளில் அழைத்தார். இங்கே ஒரு தாயும் தந்தையும் தம் மகளை ‘இனிப் போதும்’ என்னும் பொருளில் அழைக்கின்றனர். இரண்டும் மகன் வேண்டும் என்னும் ஒரே ஏக்கத்தினின்று பிறந்தனவே. ஆயின் முன்னது குழந்தையை வரவேற்கும் சொல். பின்னது வந்த குழந்தையை மிகை எனக் கூறும் சொல். வகுப்பறையில் வருகைப்பதிவேடு படிக்கப்படுந்தோறும் அம்மகள் கேட்பது அச்சொல்லையே. அவள் படித்து, பணியேற்று, பெற்றோரை முதுமையில் தாங்கும் நாளிலும் அச்சொல்லே அவள் கையொப்பமாக இருக்கும்.

முடிவுரை

சேர்ப்பானாக என்னும் ஒரு தாயின் வேண்டுகோள், எபிரேயத்தில் யோசேஃப் எனவும், அரபில் யூசுஃப் எனவும், சேரர் செப்பேட்டில் இஸ்ஸுப்பு எனவும், கடற்கரை வழியே சூசை எனவும், நூல்வழியே யோசேப்பு எனவும், காப்பியத்தில் வளன் எனவும் உருப்பெற்றது. ஓசையை ஏற்றோர் பலர்; பொருளையும் தேடி ஏற்றவர் சிலரே.

தமிழ் பயிலும் மாணாக்கர் தத்தம் பெயரின் மூலத்தையும் பொருளையும் ஆராய்ந்தறிதல் நன்று. உடன் பயிலும் நண்பர் பெயரின் பொருளையும் வினவியறிதல் அதனினும் நன்று. யூசுபும் சூசையும் வளனும் ஒரு தாய் இட்ட பெயரையே தாங்கி நிற்கின்றனர் என்பதை அவ்வாறு வினவுவோரே அறிவர். நாளை தம் இல்லத்தில் ஒரு குழந்தை பிறக்கும்போது, அது பெண்ணாயினும் ஆணாயினும், வளர்க எனப் பொருள்படும் ஒரு பெயரை அவர்கள் அதற்கு இடுவார்களாக.